தோல் புற்றுநோய்ச் சாவுகளுக்கு யார் பொறுப்பு?

புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டாலே ஜனங்கள் நடுங்குகிறார்கள். நடுங்குவதற்குக் காரணமும் உண்டு. வயிற்றுக்குள்ளும் நுரையீரலுக்குள்ளும் சத்தமில்லாமல் வளர்ந்து, வெளியே தெரியவரும்போது காலம் கடந்துவிட்டது என்று டாக்டர் கையை விரிக்கும் நோய் அது. ஆனால் இந்த நோய்களிலே ஒன்று மட்டும் ஒளிந்துகொள்வதில்லை. தோலில் வரும் புற்றுநோய் வெளிச்சத்தில், கண்ணுக்கு எதிரே வருகிறது. முதலில் சந்தேகப்படுவதற்கு எக்ஸ்ரே கூட வேண்டாம். பார்க்கத் தெரிந்த கண் போதும். சிறு புண்ணாக, சிறு கட்டியாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டால் பெரும்பாலும் விஷயம் அத்தோடு தீர்ந்தது. நோயாளி நடந்தே வீட்டுக்குப் போகலாம்.

அப்படியிருந்தும் இந்த நோயால் மனிதர்கள் சாகிறார்கள். சாகிறவர்கள் யார்?

உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் சேர்ந்து 2023-ஆம் வருஷம் நவம்பரில் ஒரு கணக்கை வெளியிட்டன. 2019-ஆம் வருஷத்தில் மட்டும் 183 நாடுகளில் சுமார் 19,000 பேர், வெயிலில் நின்று வேலை செய்த ஒரே காரணத்தால் வந்த தோல் புற்றுநோயால் இறந்தார்கள் என்றது அந்தக் கணக்கு. மச்சம்போல் கறுத்துப் பரவும் 'மெலனோமா' என்ற கொடிய வகையை இதில் சேர்க்கவில்லை. மற்ற வகைத் தோல் புற்றுநோய்ச் சாவுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே, மூன்றில் ஒன்றுக்கு வெயில் வேலைதான் காரணம். உலகில் சுமார் 160 கோடி உழைப்பாளிகள் இப்படி வெயிலில் வேலை செய்கிறார்கள் என்றும் அதே கணக்கு சொல்கிறது.

வயலில் நிற்பவன், ரோடு போடுபவள், கட்டடத்தில் சாரம் கட்டி ஏறுபவன், கடலில் வலை வீசுபவன், இவர்களே அந்த 160 கோடி. கடற்கரையில் பொழுதுபோக்கப் போனவர்கள் இந்தக் கணக்கில் இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற நோய். தடுக்க வழி தெரிந்த நோய். ஆரம்பத்தில் குணமாக்கக் கூடிய நோய். அதனால் ஒருவன் செத்தால் அதை விதி என்று சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பது என் அபிப்பிராயம். இதற்குச் சரித்திரமே சாட்சி.

புகைபோக்கிச் சிறுவர்கள்

புற்றுநோய்க்கும் தொழிலுக்கும் உள்ள சம்பந்தத்தை உலகம் முதன்முதலில் தெரிந்துகொண்டதே தோல் புற்றுநோயிலிருந்துதான். 1775-ஆம் வருஷம் லண்டன் செயின்ட் பார்த்தலோமியு ஆஸ்பத்திரியின் ரண வைத்தியர் பெர்சிவல் பாட் ஒரு விஷயத்தை எழுதி வெளியிட்டார். வீடுகளின் புகைபோக்கியைத் துடைக்கும் தொழிலாளிகளுக்கு விதைப்பையின் தோலில் ஒருவகைப் புண் வருகிறது; அது புற்றுநோய்; தோல் மடிப்புகளில் தங்கிவிடும் புகைக்கரியே அதற்குக் காரணம் என்றார்.

அந்தத் தொழிலாளிகள் எந்த வயதில் வேலைக்கு வந்தவர்கள்? ஐந்து வயது, ஆறு வயதில். ஒரு முழம்கூட அகலமில்லாத குழாய்க்குள் ஏறுவதற்குப் பாலகன் உடம்புதான் தோதாக இருந்தது. பெற்றோருக்கு நாலு காசு கொடுத்து ஏழைக் குழந்தைகளை வாங்கி, கரிக்குழாய்க்குள் ஏற்றினார்கள். குளிக்க வசதியில்லை, மாற்றுத்துணி இல்லை. இருபது வருஷம் கழித்துப் புண் வந்தது.

காரணம் தெரிந்துவிட்டதே, சட்டம் உடனே வந்ததா? 1788-இல் ஒரு சட்டம் வந்தது. எட்டு வயதுக்குக் கீழே வேண்டாம் என்றது. 1834-இல் ஒன்று. 1840-இல் ஒன்று, 21 வயது ஆகாதவர்களை ஏற்றக் கூடாது என்றது. 1864-இல் இன்னொன்று. எல்லாம் காகிதத்தில் இருந்தன. நீளமான துடைப்பக் கோலால் ஆளே ஏறாமல் வேலையை முடிக்கலாம் என்பது தெரிந்த பிறகும், ஆயிரக்கணக்கான சிறுவர்களை உயிருள்ள யந்திரங்களாக விற்றுக்கொண்டிருந்ததை 1867-இல் வெளிவந்த 'மூலதனம்' முதல் பாகத்தில் மார்க்ஸ் குறித்து வைத்திருக்கிறார். லைசென்ஸ், போலீஸ் கண்காணிப்பு என்று உருப்படியான சட்டம் 1875-இல்தான் வந்தது. பாட் எழுதியதற்குச் சரியாக 100 வருஷம்!

இதே காலத்தில் ஐரோப்பாவின் மற்ற தேசங்களில் அதே தொழில் நடந்தது. இந்த நோய் அங்கே அபூர்வம். ஏன் என்று ஹென்றி பட்லின் என்ற ஆங்கில ரண வைத்தியர் ஆராய்ந்து 1892-இல் எழுதினார். அங்கே தொழிலாளிகள் உடம்போடு ஒட்டிய, கரி புகாத உடை போட்டிருந்தார்கள். வேலை முடிந்ததும் உடம்பு முழுவதும் கழுவினார்கள். ஒரு உடுப்பும் ஒரு வாளி தண்ணீரும் சோப்பும் புற்றுநோயைத் தடுத்தன. தடுப்பு முறை என்பது இத்தனை சுலபமானது.

லங்காஷயரில் நடந்தது

அடுத்த அத்தியாயம் பஞ்சாலையில் நடந்தது. ஆலைத் தொழிலாளர் அதிகமாக உள்ள நம் பிரதேசத்தில் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளில் 'மியூல்' என்ற நூற்பு யந்திரம் ஓடியது. நூற்றுக்கணக்கான கதிர்கள் பொருத்திய நீண்ட வண்டி முன்னும் பின்னும் ஓடும். கதிர்களுக்கு அன்றாடம் எண்ணெய் விட வேண்டும். வேகமாகச் சுழலும் கதிர்கள் அந்த எண்ணெயைச் சாரலாகத் தெறிக்கும். அறுந்த நூலை இணைப்பதற்காகத் தொழிலாளி ஓடும் வண்டியின் மேல் ஓயாமல் குனிவான். ஆலைக்குள் உஷ்ணமும் ஈரமும் அதிகம். அதனால் மெல்லிய பருத்திக் கால்சராயோடு வெறுங்காலில் நிற்பான். அடிவயிற்றிலும் தொடை இடுக்கிலும் துணி எண்ணெயில் ஊறிக் கிடக்கும். காலை முதல் மாலை வரை, பையனாக உள்ளே போனவன் கிழவனாகும் வரை!

முன்பெல்லாம் மிருகக் கொழுப்பும் தாவர எண்ணெயும்தான் விட்டார்கள். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் நடுவில், ஸ்காட்லாந்தில் ஒருவகைப் பாறையை வாட்டி எண்ணெய் இறக்கத் தொடங்கியதும் மலிவான கனிம எண்ணெய் சந்தைக்கு வந்தது. ஆலை முதலாளிகள் அதற்கு மாறினார்கள். ராத்தலுக்குச் சில காசு மிச்சம்.

அந்தச் சில காசுக்கு விலை கொடுத்தது யார்? எண்ணெய் இறக்கிய ஸ்காட்லாந்துத் தொழிலாளிகளுக்கே தோல் புற்றுநோய் வருகிறது என்று எடின்பரோ டாக்டர் ஜோசப் பெல் 1876-இலேயே சொல்லிவிட்டார். 1887-இல் மான்செஸ்டர் ராயல் ஆஸ்பத்திரிக்கு மியூல் தொழிலாளி ஒருவர் விதைப்பைப் புற்றுநோயோடு வந்தார். யாரும் அதைத் தொழிலோடு முடிச்சுப் போடவில்லை. சவுதம், வில்சன் என்ற இரு டாக்டர்கள் அந்த ஆஸ்பத்திரியின் 20 வருஷப் பதிவேடுகளைப் புரட்டி 1922-இல் கணக்கு எடுத்தபோதுதான் உண்மை வெளிவந்தது. அந்த நோயோடு வந்த 141 பேரில் 69 பேர் மியூல் தொழிலாளிகள். 22 பேர் தார், பாரபின் வேலை செய்தவர்கள். புகைபோக்கித் தொழிலாளி ஒரே ஒருவர்.

அதற்குள் விஞ்ஞானமும் சாட்சி சொல்லிவிட்டது. 1915-இல் ஜப்பானில் யாமகிவா, இச்சிகாவா என்ற இருவர் முயலின் காதில் நிலக்கரித் தாரை விடாமல் பூசிப் புற்றுநோயை உண்டாக்கிக் காட்டினார்கள். இனி யாரும் 'நிரூபணம் எங்கே?' என்று கேட்க முடியாது.

பிரிட்டிஷ் சர்க்கார் கமிட்டி போட்டது. 1926-இல் கமிட்டி அறிக்கை கொடுத்தது. எண்ணெய்தான் காரணம்; தெறிக்காமல் தடுப்பு வையுங்கள்; தீங்கில்லாத எண்ணெயைத் தேடுங்கள்; தொழிலாளிகளைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதிக்கட்டும் என்றது. இதைக் கட்டாயமாக்கும் விதிகள் எப்போது வந்தன? 1953-இல். சுத்திகரித்த எண்ணெயை மட்டுமே விட வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடத்த வேண்டும் என்று அப்போதுதான் விதித்தார்கள். அதற்குள் மியூல் யந்திரமே பழைய இரும்புக்குப் போக ஆரம்பித்திருந்தது. யந்திரத்தின் ஆயுள் முடியும்வரை தொழிலாளியின் ஆயுளைப் பற்றி யோசிக்க நேரமில்லை!

1887 முதல் 1953 வரை 66 வருஷம். இந்த 66 வருஷத்தில் இல்லாமல் இருந்தது எது? அறிவா? மருந்தா? எதுவும் இல்லை. எண்ணெயை மாற்றும் செலவை ஏற்க முதலாளிக்கு மனமில்லை. அவனை ஏற்க வைக்கும் துணிவு சர்க்காருக்கு இல்லை.

நம் தரப்புக் குறையையும் சொல்ல வேண்டும். அந்தத் தொழிலாளிகளில் பலர் புண்ணை மறைத்தார்கள். இடம் அப்படிப்பட்டது, டாக்டர் முன் கால்சராயை அவிழ்க்க வெட்கம். வேலை போய்விடுமே என்ற பயம் வேறு. சிறு பரு போல இருந்தபோது காட்டியிருந்தால் பிழைத்திருக்க வேண்டியவன், இடுப்பு முடிச்சுகளில் நெறி கட்டிய பிறகு வந்து செத்தான். முதலாளியின் லாபவேட்டை ஒரு பக்கம் கொன்றது. வெட்கமும் பயமும் மறுபக்கம் கொன்றன. வெட்கத்தையும் பயத்தையும் போக்கக் கூடிய ஸ்தாபனம் சங்கம் ஒன்றுதான்.

நம் நாட்டு நிலை

'இதெல்லாம் வெள்ளைக்காரன் நோய். நம்மைப் போன்ற கறுத்த தோலுக்கு வராது' என்று சிலர் சொல்வார்கள். இதில் பாதி உண்மை உண்டு. நம் தோலில் உள்ள கருநிறப் பொருள் சூரியனின் புற ஊதாக் கதிரைப் பெரும் அளவுக்குத் தடுக்கிறது. அதனால் ஆஸ்திரேலியாவைப் போல இங்கே தோல் புற்றுநோய் பெருகவில்லை. வாய்ப் புற்றுநோயும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயும் நம்மை அழிக்கிற அளவுக்கு இது அழிக்கவில்லை. வீண் பீதியைக் கிளப்புவது நம் வேலையல்ல.

ஆனால் மறுபாதியைப் பாருங்கள். அரிதாக வருவதாலேயே அதை யாரும் சந்தேகிப்பதில்லை. நோயாளியும் சந்தேகிப்பதில்லை, பல சமயம் டாக்டரும் சந்தேகிப்பதில்லை. வருகிற இடங்களும் வேறு. நம் ஜனங்களுக்கு இந்த நோய் பல நேரங்களில் வெயில் படாத இடத்தில் வருகிறது. பழைய தீக்காயத் தழும்பில், வருஷக்கணக்காக ஆறாத கால் புண்ணில், குஷ்டநோயால் உணர்ச்சி இழந்த பாதத்தின் குழிப்புண்ணில் புற்று வைக்கும். கொடிய மெலனோமாவும் கறுத்த தோலினருக்கு உள்ளங்காலிலும் நகத்தின் அடியிலும்தான் அதிகம் வருகிறது. பாப் மார்லி என்ற ஜமைக்காப் பாடகர் 1981-இல் 36-ஆவது வயதில் இறந்தது கால் பெருவிரலில் தொடங்கிய மெலனோமாவால்தான்.

வெறுங்காலோடு சேற்றிலும் முள்ளிலும் நடக்கிற விவசாயத் தொழிலாளி உள்ளங்காலில் ஒரு கறுப்புப் புள்ளியைக் கண்டால் என்ன நினைப்பான்? ஏதோ முள் குத்தியது என்று நினைப்பான். அடுப்பில் வெந்த தழும்பு இருபது வருஷம் கழித்துப் புண்ணானால் ஒரு தாய் என்ன செய்வாள்? மஞ்சளை அரைத்துப் போடுவாள். ஒருநாள் கூலியை இழந்து, பஸ் கூலி கொடுத்து, பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்க அவளால் முடியாது. நோய் முற்றுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

தோல் ஒரு நோட்டீஸ் பலகை. உள்ளே நடக்கும் அநியாயத்தையும் அது வெளியே எழுதிக் காட்டும். 1983-இல் கல்கத்தாவில் ஒரு தோல் டாக்டரிடம் வந்த கிராமத்து ஏழைகளின் உடம்பில் கறுப்பு வெள்ளைப் புள்ளிகளும் உள்ளங்கையில் காய்ப்புகளும் இருந்தன. மேற்கு வங்காளத்தில் குழாய்க் கிணற்றுத் தண்ணீரில் பாஷாணம் கலந்திருக்கிறது என்ற பேருண்மை அப்போதுதான் வெளிப்பட்டது. அந்தப் பாஷாணம் தோலிலும் மற்ற உறுப்புகளிலும் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது. நோட்டீஸைப் படிக்கத் தெரிந்த ஒரு டாக்டர் இருந்ததால் விஷயம் வெளியே வந்தது.

லாரி ஒர்க்‌ஷாப் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் இந்த விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தேன். 'உங்கள் கால்சட்டைப் பையில் என்ன இருக்கிறது?' என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராக எடுத்துக் காட்டினார்கள். கறுத்த எண்ணெய் ஊறிய துணி! கை துடைக்க அது. நாள் முழுவதும் தொடையில் ஒட்டிக் கிடப்பது அது. மியூல் தொழிலாளியின் கால்சராய் என் ஞாபகத்துக்கு வந்தது. என்ஜினில் ஓடிக் கறுத்த எண்ணெய் புது எண்ணெயைவிடக் கெடுதலானது. எரிபொருளின் கரிச்சத்துகள் அதில் சேர்ந்திருக்கின்றன. அதிலேயே கை கழுவுகிற பையன்களும் இருக்கிறார்கள். ஏன்? பட்டறையில் சோப்பு இல்லை. 250 வருஷத்துக்கு முன் லண்டன் சிறுவனுக்கு எது இல்லையோ, அதுவே இன்று இவனுக்கும் இல்லை.

ஆட்சேபங்கள்

'தொழிலாளியின் அஜாக்கிரதைதான் காரணம். தொப்பி கொடுத்தாலும் போடமாட்டான்' என்பார்கள் முதலாளிகள். தார் காய்ச்சும் அடுப்புக்குப் பக்கத்தில் நடுப்பகல் வெயிலில் நிற்பவனுக்கு மூச்சுமுட்டும் பிளாஸ்டிக் தொப்பியைக் கொடுத்தால் எப்படிப் போடுவான்? காற்றோட்டமான அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, பக்கத்தில் ஒரு நிழல் பந்தல், குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு அப்புறம் அஜாக்கிரதையைப் பற்றிப் பேசட்டும்.

'வெயிலுக்குக் களிம்பு பூசினால் போதுமே' என்பார்கள் கம்பெனிக்காரர்கள். களிம்பில் பயன் இல்லாமலில்லை. குறிப்பாக, பிறவியிலேயே தோலில் நிறமில்லாதவர்களுக்கு அது உயிர்காக்கும் மருந்து. அவர்களுக்கு அதை சர்க்கார் இலவசமாகவே கொடுக்க வேண்டும். ஆனால் மற்றக் கூலித் தொழிலாளிக்கு முதல் காப்பு நிழல், இரண்டாவது காப்பு துணி. இவை இரண்டையும் கொடுக்காமல் களிம்பை விற்பது வியாபாரம். தடுப்பு முறை அல்ல.

'நம் ஏழை நாட்டுக்கு இது கட்டுமா?' என்று உத்தியோகஸ்தர்கள் கேட்பார்கள். சிறு கட்டியை வெட்டி எடுக்க அரைமணி நேரமும் மரத்துப்போகும் ஊசியும் போதும். முற்றிய பிறகு காலை எடுக்க வேண்டும், கதிர் வைத்தியம் வேண்டும், பல மாதம் படுக்கை வேண்டும். குடும்பம் கடனில் மூழ்கும். எது அதிகச் செலவு?

நெருக்குதல் இருந்தால் சர்க்கார்கள் அசையும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஜெர்மனி 2008 முதல் 35 வயது ஆனவர்களுக்கு இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தோல் பரிசோதனையை இன்ஷூரன்ஸில் சேர்த்தது. 2015-இல் வெயில் வேலையால் வரும் ஒருவகைத் தோல் புற்றுநோயைத் தொழில்நோய் என்று ஏற்றுக்கொண்டது. நஷ்டஈடு கேட்கும் உரிமை பிறந்தது. ஆஸ்திரேலியாவில் 1981 முதல் சட்டை, களிம்பு, தொப்பி என்று குழந்தைக்கும் புரியும்படி பிரச்சாரம் நடந்தது.

நம் நாட்டில் 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் தோல் புற்றுநோயையும் சேர்த்தது. நல்லது. ஆனால் தொழிற்சாலை வாசலைத் தாண்டி ரோட்டில் தார் ஊற்றுகிறவள் எந்தப் பட்டியலில் இருக்கிறாள்? உப்பளத்தில் கீழிருந்தும் மேலிருந்தும் வெயிலை வாங்குகிறவள் எந்தப் பட்டியலில் இருக்கிறாள்?

நாம் கேட்க வேண்டியவை

நோயாளியிடம் 'என்ன தொழில் செய்கிறாய்?' என்று கேளுங்கள் என்று இத்தாலிய வைத்தியர் ராமஸ்ஸினி 1700-ஆம் வருஷத்திலேயே டாக்டர்களுக்குப் புத்தி சொன்னார். அந்தக் கேள்வி ஆரம்ப சுகாதார நிலையத்தின் ஒவ்வொரு சீட்டிலும் இடம்பெற வேண்டும். அங்குள்ள டாக்டருக்கும் நர்ஸுக்கும் தோல் புற்றுநோயின் ஆரம்ப அடையாளங்களைக் கண்டுபிடிக்கப் பயிற்சி வேண்டும். சதைத் துணுக்கை எடுத்துச் சோதிக்கும் வசதி தாலுகா ஆஸ்பத்திரியிலேயே வேண்டும்.

வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு நடுப்பகல் வேலையைக் கூலிக் குறைவில்லாமல் காலைக்கும் மாலைக்கும் மாற்ற வேண்டும். நிழல், உடை, தொப்பி முதலாளியின் செலவில் வேண்டும். தார், கீல், எண்ணெய் வேலைகளில் கையுறை, மாற்றுடை, சோப்பு, குளிக்கும் அறை வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறை சம்பளத்தோடு தோல் பரிசோதனை வேண்டும். நோய் என்று தெரிந்தால் வேலை போகாது என்ற உத்தரவாதமும் வேண்டும். அந்த உத்தரவாதம் இல்லாவிட்டால் பரிசோதனைக்கு யாரும் வரமாட்டார்கள். லங்காஷயர் கதைதான் இங்கும் நடக்கும். வெயிலையும் தொழில்நோய்க் காரணமாக ஏற்று, நஷ்டஈட்டுக்கு வழி செய்ய வேண்டும்.

சர்க்கார் செய்யும்வரை சங்கங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. மாதக் கூட்டத்தில் பத்து நிமிஷம் ஒதுக்கி இதைச் சொல்லலாம்: ஒரு மாதமாகியும் ஆறாத புண், தொட்டால் ரத்தம் கசியும் கட்டி, பழைய தழும்பில் புதிதாக வந்த புண், வளர்கிற, நிறம் மாறுகிற, ஓரம் ஒழுங்கில்லாத மச்சம், உள்ளங்காலிலோ நகத்தின் கீழோ பரவும் கறுப்பு. இவற்றில் எது இருந்தாலும் அது புற்றுநோய்தான் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் வேறு ஏதாவதாக இருக்கும். ஆனால் டாக்டரிடம் காட்ட வேண்டும். காட்டப் பயப்படுகிறவனோடு ஒரு தோழர் துணைக்குப் போக வேண்டும். மறைவான இடத்துப் புண்ணானால் வெட்கப்பட வேண்டாம் என்று மூத்த தோழர்கள் வெளிப்படையாகப் பேச வேண்டும். பெண் தொழிலாளிகளுக்கு இதை மாதர் சங்கத் தோழர்கள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

கூலி உயர்வும் போனஸும் நம் கோரிக்கைப் பட்டியலில் முதலில் இருப்பது நியாயம். அந்தக் கூலியை வாங்கும் கையும் அந்தக் கையின் தோலும் நமக்குச் சொந்தம். அவற்றை முதலாளிக்கு நாம் விற்கவில்லை. அடுத்த பேச்சுவார்த்தைக்குப் போகும்போது சோப்பும் தொப்பியும் நிழலும் பரிசோதனையும் பட்டியலில் இருக்கட்டும். லண்டன் சிறுவர்கள் 100 வருஷம் காத்தார்கள். லங்காஷயர் தொழிலாளர்கள் 66 வருஷம் காத்தார்கள். நாம் காத்திருக்க வேண்டியதில்லை.